எல்லையோரத்துக் கீர்த்தனைகள்

பிரசங்கம் நுழைய முடியாத இடங்களுக்குள் பாட்டு நுழைந்தது. பாலக்காட்டுக் கணவாயிலும் இடுக்கி மலைகளிலும் அது இன்னும் தெருவில் ஒலிக்கிறது. ஆனால் யாருடைய தெரு என்ற கேள்வி புதிதாக எழுந்திருக்கிறது.

2024 டிசம்பர் 20. பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் உள்ள நல்லேப்பிள்ளி அரசு யு.பி. பள்ளியில் கிறிஸ்துமஸ் கொண்டாட்டம். அங்கு வந்த மூன்று பேர் ஆசிரியர்களை வசை பாடினார்கள். ஸ்ரீகிருஷ்ண ஜெயந்தியைக் கொண்டாடாத பள்ளியில் இது மட்டும் எதற்கு என்பது அவர்கள் கேள்வி. விசுவ இந்து பரிஷத்தைச் சேர்ந்தவர்கள் என்று சொல்லப்பட்ட மூவரையும் சித்தூர் போலீஸ் கைது செய்தது. அதே நாட்களில் பக்கத்துத் தத்தமங்கலத்தில் ஒரு பள்ளியில் வைத்திருந்த கிறிஸ்துமஸ் குடில் உடைந்து கிடந்தது.

பதில் விசித்திரமான வடிவில் வந்தது. அடுத்த சில நாட்களில் டி.ஒய்.எஃப்.ஐ. தொண்டர்களும் இளைஞர் காங்கிரஸ் தொண்டர்களும் நல்லேப்பிள்ளியில் கேரல் பாடினார்கள். வழக்கமாகக் கோஷம் போடும் தொண்டைகள் கிறிஸ்து பிறப்புப் பாட்டைப் பாடின. ஞானஸ்நானச் சான்றிதழ் யாரிடமும் கேட்கப்படவில்லை. ஓராண்டு கழித்து, 2025 டிசம்பரில், வாளையாறு போகும் வழியில் உள்ள புதுச்சேரியில் (பாலக்காட்டுக்கும் ஒரு புதுச்சேரி உண்டு) சிறுவர்களின் கேரல் குழு ஒன்று தாக்கப்பட்டது. அப்போதும் ஒருவர் கைதானார்.

கேரளத்தில் கேரல் என்பது மதச் சடங்காகக் கருதப்பட்டு வெகுநாளாகிறது. பள்ளி, வாசகசாலை, கட்சிக் கிளை என்று எல்லாரும் பாடுகிறார்கள். ஆனால் பாடுகிற கிறிஸ்தவனுக்கு அது வெறும் கேளிக்கை அல்ல. ‘சாட்சி’ என்று அவன் அதற்குப் பெயர் வைத்திருக்கிறான். தமிழ்க் கிறிஸ்தவர் பேச்சில் இந்தச் சொல்லுக்குக் கோர்ட்டோடு சம்பந்தமில்லை. தான் நம்புவதைப் பிறர் காதில் விழும்படி சொல்வது சாட்சி. ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லலாம், வாழ்ந்து காட்டலாம், தெருமுனையில் நின்று பாடவும் செய்யலாம். கடைசியில் சொன்னதற்குத்தான் ஆள் கூடும். தொல்லையும் அதற்குத்தான்.

பாலக்காட்டிலிருந்து புறப்பட்ட பாட்டுச் சாட்சிகளில் முக்கியமானவர் ஒரு தமிழ் பிராமணர். 1835-ல் பாலக்காட்டு மணப்புறத்தில், வெங்கடேஸ்வர பாகவதர் வீட்டில் பிறந்தவர் ராமய்யன். அப்பாவின் பெயரே சொல்லிவிடுகிறது, அது சங்கீதம் சோறு போட்ட வீடு. குடும்பம் தெற்கே திருவிதாங்கூருக்குப் பெயர்ந்து கருநாகப்பள்ளிப் பக்கம் குடியேறியது. ராமய்யன் சமஸ்கிருதமும் சங்கீதமும் கற்றார். 1861-ல் மாவேலிக்கரையில் சி.எம்.எஸ். மிஷனரி ஜோசப் பீட்டிடம் குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெற்றார். ராமய்யன் யூஸ்தூஸ் யோசேப்பு ஆனார். கேரளத்துக் கிறிஸ்தவர்கள் அவரை அழைப்பது வித்வான் குட்டி என்று.

ஒரு பாகவதரின் மகன் மதம் மாறினால் என்ன நடக்கும்? பூணூல் போகும், கல்யாண உறவுகள் போகும், ஆசாரம் போகும். ராகம் போவதில்லை. யூஸ்தூஸ் யோசேப்பு மலையாளத்தில் எழுதிய பாடல்கள் கர்நாடக ராகங்களில், பல்லவியும் சரணமுமாக அமைந்தவை. ஒருவர் எடுத்துக் கொடுக்கக் கூட்டம் வாங்கிப் பாடும் பஜனை முறைக்கு அவை அப்படியே பொருந்தின. பாலக்காட்டு அக்கிரகாரத்தில் ராதா கல்யாண பஜனையைக் கேட்டு வளர்ந்த எவரும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் வித்தியாசத்தை உணரக் கொஞ்ச நேரம் ஆகும். அதுவரை திருவிதாங்கூர் புராட்டஸ்டன்டுகளுக்கு வாய்த்தவை பெரும்பாலும் ஐரோப்பிய மெட்டில் முறிந்து விழுந்த மொழிபெயர்ப்புகள்.

1873-ல் அந்தக் கண்ணேற்றி, கருநாகப்பள்ளிப் பகுதியில் எழுப்புதல் மூண்டது. அதன் விதை தமிழ்நாட்டிலிருந்து வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கிறிஸ்தியான்பேட்டை என்ற ஊரை உண்டாக்கிய ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் 1860-ல் திருநெல்வேலிச் சீமையில் நடத்திய எழுப்புதலின் அலை, மலைக்கு இப்பாலும் அடித்தது. அருளப்பனும் பாட்டெழுதியவர்தான். யூஸ்தூஸ் யோசேப்பும் அவருடைய சகோதரர்களும் முன்நின்ற திருவிதாங்கூர் எழுப்புதலில் அழுகையும் பாட்டும் தரிசனங்களும் கலந்திருந்தன. மிஷன் அதிகாரிகள் முதலில் மகிழ்ந்தார்கள், பிறகு மிரண்டார்கள். யூஸ்தூஸ் யோசேப்பு 1875-ல் தனிச் சபை கண்டார். இன்னும் ஆறு ஆண்டில், 1881-ல், கிறிஸ்து திரும்பி வருவார் என்று அந்தச் சபை நாள் குறித்தது.

வரவில்லை. கேலி நீண்ட காலம் நீடித்தது, சபை தேய்ந்தது. 1887-ல் வித்வான் குட்டி காலமானார். ஆனால் அவரது உபதேசத்தை ஒதுக்கித் தள்ளிய சபைகளே அவரது பாடல்களை எடுத்து வைத்துக்கொண்டன. மார்த்தோமா சபையின் பாட்டுப் புத்தகத்தில் அவை இன்றும் இருக்கின்றன. பம்பை ஆற்று மணலில் நடக்கும் மாராமண் கன்வென்ஷனிலும் அவர் பாட்டு ஒலிக்கும். (1895-ல் அந்தக் கன்வென்ஷன் தொடங்கியபோது பேச வந்தவர்களில் முக்கியமானவர் ‘தமிழ் டேவிட்’ என்று பெயர் பெற்ற நம்மூர்ப் பிரசங்கியார்.) நாள் குறித்த தீர்க்கதரிசி தோற்றார், பாட்டுக்காரர் பிழைத்தார்.

அதே பாலக்காடு மாவட்டத்தில், ஒற்றப்பாலத்துக்கும் ஷொரணூருக்கும் இடையே வாணியங்குளம் என்றொரு ஊர். பெரிய மாட்டுச் சந்தைக்குப் பேர் போனது. பாலக்காட்டில் 1858-லேயே கால் ஊன்றியிருந்த பாஸல் மிஷன் இங்கும் ஒரு நிலையம் வைத்திருந்தது. 1893-ல் அங்கு வந்து சேர்ந்தார் ஃபோல்பிரெக்ட் நாகல் என்ற 26 வயது ஜெர்மானியர். பாஸல் மிஷன் என்றால் பள்ளிக்கூடம், ஓட்டுத் தொழிற்சாலை, நெசவுச்சாலை. நிர்வாகப் பொறுப்புகள் ஊழியத்தை விழுங்குவதாக நாகலுக்குத் தோன்றியது. 1896-ல் மிஷனை விட்டு வெளியேறினார். குன்னங்குளத்தில் தங்கி, மலையாளம் பேசி, மலையாளத்திலேயே பாட்டெழுதினார்.

அவற்றில் ஒன்று ‘சமயமாம் ரதத்தில்’. காலம் என்னும் தேரில் ஏறிச் சொர்க்கத்துக்குப் பயணம் போகிறவனின் பாட்டு. மாட்டு வண்டிப் பயணத்தில் எழுதியது என்று சொல்வார்கள். மெட்டு, ‘க்ளெமென்டைன்’ என்ற அமெரிக்க நாட்டுப்பாடலின் மெட்டைப் போன்றது. ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகளைப் பற்றிய அரைகுறை வேடிக்கைப் பாட்டின் சந்தம், கேரளத்தில் சவ ஊர்வலத்தின் சந்தமாகிவிட்டது. சிரியன், லத்தீன், மார்த்தோமா, பெந்தெகொஸ்தே என்று எந்தப் பிரிவினர் வீட்டில் சாவு விழுந்தாலும் சவப்பெட்டியோடு தெருவில் போவது இந்தப் பாட்டுதான். 1970-ல் வந்த ‘அரநாழிகநேரம்’ படத்தில் அது இடம்பெற்றது. இயக்கியவர் கே.எஸ். சேதுமாதவன், ‘மறுபக்கம்’ படத்தின் மூலம் தமிழர்களுக்குத் தெரிந்தவர், பாலக்காட்டுக்காரர். படம் வந்த பிறகு பாட்டு கிறிஸ்தவர்களுக்கு மட்டும் சொந்தம் என்ற நிலையும் போயிற்று. நாகல் 1914-ல் ஜெர்மனி போனவர், உலகப் போர் மூண்டதால் திரும்பி வர முடியாமல் 1921-ல் அங்கேயே இறந்தார்.

போக்குவரத்து ஒரு திசையில் மட்டும் நடந்ததல்ல. பாலக்காட்டுச் செம்பை கிராமத்து வைத்தியநாத பாகவதர், ஃபோர்ட் கொச்சியின் லத்தீன் கத்தோலிக்கப் பையன் ஒருவனைச் சிஷ்யனாக ஏற்றார். அந்த யேசுதாஸ் பாடிய ‘ஹரிவராசனம்’ சபரிமலையில் நடை சாத்தும்போது ஒலிக்கிறது. குருவாயூர்க் கோயிலுக்குள் மட்டும் அவர் போக முடியவில்லை. குரல் போன இடத்துக்கு ஆள் போக முடியாமல் இருப்பது இந்தப் பிரதேசத்தின் பழைய கதை.

தமிழில் இந்தக் கதை இன்னும் பழையது. தரங்கம்பாடியில் 1706-ல் இறங்கிய சீகன்பால்குவும், அடுத்து வந்த ஃபப்ரீஷியஸும் ஜெர்மானியப் பாடல்களைத் தமிழாக்கினார்கள். லுத்தரன்கள் பாடும் ‘ஞானப்பாட்டு’ அந்த வழி வந்தது. கருத்து ஆழமானது, ஆனால் தமிழ்ச் சொல் ஜெர்மன் மெட்டில் மூச்சு வாங்கும், குறிலை நீட்டி நெடிலைக் குறுக்கும். ஷ்வார்ட்ஸிடம் வளர்ந்த தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) வேறு வழியில் போனார். சரபோஜி மன்னரின் அரசவையோடு உறவு கொண்டிருந்த அவர், கீர்த்தனை, கும்மி, குறவஞ்சி என்று ஊருக்குத் தெரிந்த வடிவங்களிலேயே கிறிஸ்துவைப் பாடினார். ‘பெத்லகேம் குறவஞ்சி’யில் குறத்தி குறி சொல்கிறாள். கதை மட்டும் புதிது.

அடுத்த தலைமுறை மிஷனரிகளுக்கு இது பிடிக்கவில்லை. தமிழ் மெட்டுப் பாட்டுகளை ஆராதனையிலிருந்து விலக்கப் பார்த்தார்கள். 1829-ல் சாஸ்திரியார் எழுதிய எதிர்ப்பு மனுவில் தங்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளாக அவர் பட்டியலிட்டவற்றுள் அதுவும் ஒன்று. சங்கடம் என்னவென்றால், அதே பட்டியலில் கோயிலில் சாதிகளை ஒன்றாக உட்காரவைப்பதும் கொடுமையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. தமிழ்ப் பாட்டுக்காக வாதாடிய அதே பேனா, சாதிப் பிரிவினைக்காகவும் வாதாடியது. அவரை வெறும் பண்பாட்டு வீரராக நிறுத்துபவர்கள் இரண்டாவது பகுதியை வசதியாக மறந்துவிடுகிறார்கள். மிஷனரிகளை வெறும் வில்லன்களாக்குவதும் அதே காரணத்தால் முடியாது.

பாட்டுக்கு அந்தப் பாகுபாடு தெரியவில்லை. 1853-ல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப், சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை முக்கியமாகக் கொண்ட தொகுப்பு ஒன்றை அச்சிட்டார். இன்று தென்னிந்தியத் திருச்சபைக் கோயில்களில் ‘பாமாலை’க்குப் பக்கத்தில் இருக்கும் ‘கிறிஸ்தவ கீர்த்தனைகள்’ புத்தகத்தின் மூதாதை அதுதான். தஞ்சையில் எந்த மக்கள் தம்மோடு சமமாக அமரக்கூடாது என்று சாஸ்திரியார் நினைத்தாரோ, அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் மதுரை, நெல்லைக் கிராமங்களில் அவருடைய பாட்டை மனப்பாடமாகப் பாடினார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களுக்கும் பல்லவி தெரிந்திருந்தது. படிப்பறிவு குறைந்த சபைக்குப் பாட்டுதான் வேதாகமம்.

அந்தப் பாட்டு மலையேறியதற்குக் காரணம் மதம் அல்ல, தேயிலை. 1877-ல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளை எழுதி வாங்கினார். காடு தோட்டமானது. திருநெல்வேலி, ராமநாதபுரம், மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்தார்கள். போடிநாயக்கனூரிலிருந்தும் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் குடும்பம் குடும்பமாக மேலே நடந்தார்கள். பெரும்பாலோர் தலித்துகள், அவர்களில் கணிசமானவர்கள் ஏற்கனவே கிறிஸ்தவர்கள். வந்தவர்களிடம் சொத்து என்று எதுவும் இல்லை. மாரியம்மன் பாட்டும் ஒப்பாரியும் கீர்த்தனையும் இருந்தன. இலங்கைக் காப்பித் தோட்டங்களிலும் இதே கதைதான். அங்கே 1854-ல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனுக்கு உபதேசியார்களைத் தந்ததும் திருநெல்வேலிதான்.

மூணாறில் கல்லறைக்குப் பிறகுதான் கோயில் வந்தது. தோட்ட மேலாளரான ஹென்றி மான்ஸ்ஃபீல்டு நைட்டின் இளம் மனைவி எலினர் இசபெல் மே 1894 டிசம்பரில் காலராவில் இறந்து குன்றின் மேல் புதைக்கப்பட்டார். அந்தக் குன்றின் அடிவாரத்தில் 1910-ல் அடிக்கல் நாட்டி 1911-ல் திறக்கப்பட்டது கிறிஸ்து ஆலயம். துரைமார்களுக்காக எழும்பிய கல் கட்டடம். சுவரில் துரைமார்களின் பெயர் பொறித்த பித்தளைத் தகடுகள். இன்று அங்கே தமிழிலும் மலையாளத்திலும் ஆராதனை நடக்கிறது. ஊரின் இன்னொரு குன்றில் கார்மேல் மாதா ஆலயம். ஸ்பெயின் நாட்டு கார்மலைட் துறவி அல்போன்ஸ் 1898-ல் தொடங்கிய அந்தத் தலம், 2024-ல் மைனர் பசிலிக்கா தகுதி பெற்றது. லத்தீன் மந்திரங்கள் ஒலித்த காலத்திலும், கோயிலுக்கு வெளியே தேர்பவனியில் மக்கள் பாடியது தமிழில். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு வெளியே பாடியது உள்ளே வந்தது.

லயங்களில் வாழ்வோருக்கு ஞாயிற்றுக்கிழமைக் கோயிலைவிட நெருக்கமானது தெருப் பாட்டு. ஒரு வரிசையில் பத்துப் பன்னிரண்டு வீடுகள், இடையில் ஒற்றைச் சுவர். ஒரு வீட்டில் குடும்ப ஜெபம் நடந்தால் அடுத்த வீட்டு மாரியப்பனுக்கும் பாட்டு மனப்பாடம் ஆகும், அவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும். அங்கே அந்தரங்க வழிபாடு என்று எதுவும் சாத்தியமில்லை. பாடினாலே பொது வழிபாடுதான், சாட்சிதான். குருத்தோலை ஞாயிறன்று ஓலையோடு தோட்டப் பாதையில் பவனி. பெரிய வெள்ளியன்று சிலுவைப் பாதை, அதற்கென்றே அமைந்த மலை. நெல்லைச் சீமையின் மார்கழி அதிகாலைப் பஜனையும் அசன விருந்தும் மலைக்கு வந்து, மலைக் குளிருக்கு ஏற்ப நேரத்தை மாற்றிக்கொண்டன. கீழே அதிகாலையில் எழுந்து பாடியவர்கள், இங்கே ஏழு மணிக்குக் கொழுந்துக்குப் போகவேண்டியவர்கள். எனவே கேரல் இரவில் சுற்றுகிறது. ஆர்மோனியப் பெட்டி ஒருவர் தோளில், டோலக் ஒருவர் கழுத்தில், பெட்ரோமாக்ஸ் இருந்த இடத்தில் இப்போது செல்போன் டார்ச். வீட்டுக்கு வீடு கட்டங்காப்பி. எல்லா வீட்டிலும் குடித்தால் தூக்கம் வராது, குடிக்காவிட்டால் கோபம் வரும்.

மலையாளக் கிறிஸ்தவர்களுக்கு வேறு மரபு. பதினெட்டாம் நூற்றாண்டில் அர்ணோஸ் பாதிரி என்ற ஜெர்மானிய ஏசுசபைத் துறவி எழுதிய ‘புத்தன் பான’யைப் புனித வாரத்தில் வீட்டுக்குள் அமர்ந்து பாடுவார்கள். மாதாவின் புலம்பல் வரும் பகுதியில் பாட்டிமார்கள் அழுவார்கள். நிலமும் தரவாடும் உள்ளவர்களின் பக்திக்கு ஒரு கூடம் இருந்தது. லயத்துக்காரர்களின் பக்திக்குத் தெருதான் கூடம்.

அந்தத் தரவாட்டுக் கிறிஸ்தவத்தைப் பாட்டாலேயே குற்றம் சாட்டியவர் ஒருவர் உண்டு. இரவிபேரூரில் தலித் குடும்பத்தில் பிறந்த பொய்கையில் யோகன்னான் (1879-1939) மார்த்தோமா சபையில் இருந்து பார்த்தார், சகோதர சபையில் இருந்து பார்த்தார். ஞானஸ்நானத் தண்ணீர் சாதியைக் கழுவவில்லை. வெளியேறி, பிரத்யட்ச ரட்சா தெய்வ சபையைத் தோற்றுவித்தார். தன் குலத்தைப் பற்றி எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் ஒரு எழுத்துகூட இல்லை என்று அவர் பாடிய பாட்டு, கேரளத்தில் அடிமை வரலாற்றைப் பற்றிப் பேசும் எவரும் தவிர்க்க முடியாத ஆவணம். அவர் பாட்டின் ஓசை கிறிஸ்தவக் கூட்டங்களில் பழகியது. அவர் சாட்சி சொன்னது கிறிஸ்தவர்களுக்கு எதிராக. பாட்டைக் கற்றுக்கொடுத்துவிட்டால், அதை எதற்குப் பயன்படுத்துவது என்பது கற்றுக்கொடுத்தவர் கையில் இல்லை.

1956-ல் மொழிவழி மாநிலங்கள் வந்தபோது தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கேரளத்தோடு நின்றன. அவற்றைத் தமிழ்நாட்டோடு சேர்க்கப் போராடிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸின் தலைவர் மார்ஷல் நேசமணியும் கிறிஸ்தவர்தான். குமரி கிடைத்தது, மலை கிடைக்கவில்லை. அதன் பிறகு இந்த மக்கள் இரட்டைச் சிறுபான்மையினர்: மொழியால் ஒன்று, மதத்தால் ஒன்று. தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதிச் சலுகை இல்லை என்பதால் மூன்றாவதாகவும் ஒன்று. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மண்சரிந்து 70 பேர் மாண்டபோது, இறந்தவர்களில் பலரின் வேர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறில் இருப்பது வெளியே தெரிந்தது. நான்கைந்து தலைமுறை கடந்தும் அறுபடாத உறவு அது. பள்ளிக்கூடத் தமிழ் சுருங்கி, அலுவலகத் தமிழ் இல்லவே இல்லாத இடத்தில், தமிழைச் சத்தமாகச் சொல்லக் கிடைத்த சில மேடைகளில் ஒன்று கோயில் பாட்டு.

பாலக்காட்டுப் பக்கம் நிலைமை சற்றே வேறு. கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதிப் பகுதிகளில் தமிழர்கள் கூலிக்கு வந்தவர்கள் அல்ல, மண்ணுக்குரிய விவசாயிகள். கோவையிலிருந்து பஸ் ஏறினால் பேச்சு மாறாமலே எல்லை கடந்துவிடலாம். இங்குள்ள கத்தோலிக்கர் நெடுங்காலம் கோவை மறைமாவட்டத்தின் கீழ் இருந்தார்கள். 2013 டிசம்பர் 28-ல் போப் ஃபிரான்சிஸ் கோவை, கோழிக்கோடு மறைமாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்துச் சுல்தான்பேட்டை மறைமாவட்டத்தை உருவாக்கினார். முதல் ஆயர் பீட்டர் அபீர் அந்தோணிசாமி தமிழர். கேரளத்துக்குள் ஒரு மறைமாவட்டத்தில் தமிழ்ப் பூசையும் தமிழ்ப் பாட்டும் விருந்தாளியாக இல்லாமல் வீட்டுக்காரராக இருப்பது சாதாரண விஷயம் அல்ல.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்த கேசட் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. டி.ஜி.எஸ். தினகரனின் பாடல்களும், கத்தோலிக்கக் குருவாக இருந்த எஸ்.ஜே. பெர்க்மான்ஸின் ‘ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்’ வரிசையும் சோதனைச்சாவடியில் நிற்காமல் எல்லை கடந்தன. எளிய சொல், திரும்பத் திரும்ப வரும் அடி, கைதட்ட ஏற்ற தாளம். பெந்தெகொஸ்தே கூட்டங்களில் தொடங்கி சி.எஸ்.ஐ. வாலிபர் கூட்டம் வரை, கடைசியில் கத்தோலிக்கக் கோயில் வரை எல்லாரும் பாடினார்கள். சபைத் தலைவர்கள் மேசை சுற்றி உட்கார்ந்து சாதிக்க முடியாத ஒற்றுமையை டேப்ரிக்கார்டர் கடைக்காரர் சாதித்துவிட்டார் என்று சொல்லத் தோன்றும். விலையும் கொடுக்கவேண்டியிருந்தது. கீபோர்டின் ரிதம் பொத்தானை அழுத்தினால் ஆனந்தபைரவியும் செஞ்சுருட்டியும் ஒரே டிஸ்கோவாகிவிடுகின்றன. கமகத்தோடு கீர்த்தனை பாடத் தெரிந்த பெரியவர்கள் சபைக்கு இரண்டு பேர் என்று குறைந்துவிட்டார்கள்.

ஒலிபெருக்கி இன்னொரு தகராறைக் கொண்டுவந்தது. பாடும் உரிமை எங்கே முடிகிறது, பக்கத்து வீட்டுக்காரரின் தூக்கம் எங்கே தொடங்குகிறது? 2000 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்ன வழக்கு சென்னையில் ஒரு பெந்தெகொஸ்தே சபைக்கும் கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனிவாசிகளுக்கும் இடையே நடந்தது. டிரம்மும் ஒலிபெருக்கியும் வைத்து அயலார் அமைதியைக் கெடுத்துத்தான் ஜெபிக்கவேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்றது கோர்ட். நியாயமான பேச்சு. அதைக் கோயில் திருவிழாவுக்கும் கட்சி மாநாட்டுக்கும் ஒரே அளவாகப் பயன்படுத்துகிறார்களா என்பது வேறு கேள்வி. மதத்தைப் பரப்பும் உரிமையை அரசியல் சாசனத்தின் 25-வது பிரிவு தருகிறது. ஆனால் பரப்புவது வேறு, மதம் மாற்றும் உரிமை வேறு என்று 1977-ல் ஸ்டெனிஸ்லாஸ் வழக்கில் அதே கோர்ட் கோடு கிழித்தது. பாட்டு அந்தக் கோட்டின் மேலேயே நடக்கிறது. கேட்பவர் கையைப் பிடித்து இழுக்காமல் காதோடு மட்டும் பேசுவதால் அது பரப்புவதா, அழைப்பதா என்று எந்தப் போலீஸ்காரராலும் அளந்து சொல்ல முடியாது.

இடுக்கிக்கு அண்டையிலுள்ள கோட்டயம் மாவட்டத்திலிருந்து நேர் எதிரான ஒரு வழக்கும் உண்டு. 1985-ல் கிடங்கூர்ப் பள்ளியொன்றில் யெகோவா சாட்சிகள் குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதம் பாடாமல் மரியாதையாக எழுந்து நின்றதற்காக வெளியேற்றப்பட்டார்கள். 1986 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் அவர்களைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. பாடுவது சாட்சி என்றால் பாடாமல் நிற்பதும் சாட்சிதான் என்பதை நாட்டின் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட அபூர்வ சந்தர்ப்பம் அது. நல்லேப்பிள்ளிப் பள்ளியில் பாட்டைத் தடுக்க வந்தவர்களையும், கிடங்கூரில் பாட்டைக் கட்டாயப்படுத்தியவர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அடுத்தவர் வாய் தங்கள் பொறுப்பு என்ற நினைப்பு இரண்டிலும் ஒன்றுதான்.

தாக்குதல் செய்திகளுக்குப் பிறகு கிறிஸ்தவர்களுக்குள்ளேயே ஒரு தயக்கம் உண்டாவது இயற்கை. கோயில் காம்பவுண்டுக்குள் பாடிவிட்டுப் போய்விடலாம், வம்பு எதற்கு என்று நினைப்பவர்கள் கோழைகள் அல்ல. கூடவே வருவது குழந்தைகள். ஆனால் லயத்துக்காரர்களுக்கு அந்த வசதி இல்லை. காம்பவுண்டு அவர்கள் வீட்டுக்கே கிடையாது.

டிசம்பர் மாதத்தில் குமுளியிலிருந்து வண்டிப்பெரியாறு போகும் சாலையில் இரவு வேளை நின்றால் இரண்டு பாட்டுகள் கேட்கும். மண்டலக் காலம் அது. தமிழ்நாட்டிலிருந்து மலையேறும் ஐயப்ப பக்தர்களின் வேன்கள் சரண கோஷத்தோடு போகும். தேயிலைச் சரிவில் டார்ச் வெளிச்சங்கள் வரிசையாக இறங்கும், டோலக் சத்தத்தோடு. இரண்டு கூட்டமும் தமிழில்தான் பாடும். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். கேரல் குழு மைக்கை அணைத்துவிட்டு அடுத்த லயத்துக்கு நடக்கும். அங்கே விழித்திருப்பார்கள்.